பெருவிரலில் வேப்பெண்ணெய் பூச முன்னம்

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏதாவதொரு தட்டில் வேப்பெண்ணெய்ப் போத்தல் ஒன்று இருக்கும். பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியும் விரல் வாயை விட்டு இறங்கவில்லையென்றால் அம்மம்மாவின் கண் அந்தப் போத்தலுக்குத்தான் போகும். நானும் என் மூத்தவனுக்குப் பூசினேன். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. விரலை வாயில் வைக்க முன்னமே கண்ணைக் கசக்கிவிட்டான். ஒரு மணித்தியாலம் ஊரே கேட்கக் கத்தினான். அன்றிரவு மற்றக் கையின் விரலைச் சூப்பிக்கொண்டு நித்திரையாகிவிட்டான்.

கசப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் பரவாயில்லை. வேப்பெண்ணெய் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகக்கூடாத சாமான். வீட்டு வைத்தியமாக அதைப் பருக்கிய கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்பு வரை போனதை மலேசிய வைத்தியர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். விரல்நுனியில் பூசுவது அந்த அளவு இல்லைதான். ஆனால் தடவித் தடவி, பிள்ளை நக்கி நக்கி, ஒரு நாளில் எவ்வளவு உள்ளே போகிறது என்று யார் அளக்கிறோம்? மிளகாய்த் தூளும் அப்படித்தான். விரல் வாய்க்குப் போக முதல் கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். பாமசியில் விற்கிற கசப்பு நகப்பூச்சு வேறு விசயம். அது தானாகவே விட விரும்புகிற, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு ஞாபகமூட்டி. விட விருப்பமில்லாத இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் தண்டனை.

இந்தப் பிழைகள் எல்லாம் அவசரத்தில்தான் முளைக்கின்றன. சூப்புவது பிள்ளை பழகிக்கொண்ட குழப்படி இல்லை. வயிற்றுக்குள் இருக்கும்போதே சிசு விரலை வாயில் வைப்பதை ஸ்கானில் பார்க்கலாம். பிறந்த பிறகு பால் குடிக்க உதவுகிற அதே உந்துதல், வயிறு நிறைந்த பிறகும் ஆறுதலுக்காகத் தொடர்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட வயதில் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையின் விரலோடு மல்லுக்கட்டுகிறவர்கள், தானாக விழப்போகிற காயைத் தடியால் அடிக்கிறவர்கள்.

“பல்லு மிதந்துபோம்” என்ற பயம் பொய்யில்லை. விரல் மேற்பல்லை முன்னுக்குத் தள்ளும், கீழ்ப்பல்லை உள்ளே அமத்தும். வாய் மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் இடைவெளி நிற்கும். மேல் அண்ணமும் ஒடுங்கலாம். ஆனால் எல்லாச் சூப்பலும் ஒன்றில்லை. விரலைச் சும்மா வாய்க்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளை ஒரு வகை. கன்னம் உள்ளே போகச் சூப்பி, இழுத்தால் ‘டொப்’ என்று சத்தம் கேட்கிற பிள்ளை இன்னொரு வகை. எவ்வளவு நேரம், எவ்வளவு விசை என்பதுதான் கணக்கு. நிரந்தரப் பற்கள் ஆறு வயதளவில் முளைக்கத் தொடங்கும். அதற்கு முன் பழக்கம் நின்றால் பாற்பல்லில் வந்த இடைவெளி அநேகமாகத் தானே சரியாகிவிடும்.

இடையில் ஒரு சுவையான செய்தி. நியூசிலாந்தின் டனீடினில் 1972–73இல் பிறந்த ஆயிரம் பேரளவில் சிறுவயதிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். 2016இல் வந்த அவர்களின் கட்டுரையின்படி, விரல் சூப்பிய அல்லது நகம் கடித்த பிள்ளைகளில் 38 வீதமானோருக்குத்தான் 13 வயதில் தோற்பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தது. இரண்டும் செய்யாதவர்களில் 49 வீதம். ஆனாலும் ஆஸ்துமாவில் வித்தியாசம் இல்லை. இதைச் சாட்டாக வைத்துச் சூப்பப் பழக்க வேண்டாம். முற்றத்து மண்ணில் விளையாடிய கையை அடிக்கடி கழுவிவிடுங்கள், பூச்சி மருந்தைக் காலத்துக்குக் கொடுங்கள், அவ்வளவுதான்.

என் கண்ணில் வேப்பெண்ணெயைவிட மோசமானது பகிடி. வட்ஸ்அப்பில் கனடாவிலிருந்து அத்தை கதைக்கிறா. பிள்ளை திரையில் தெரிந்ததும் முதற் கேள்வியே, “என்னடா, இன்னும் சூப்புறியோ? வெக்கமில்லையோ?” சுற்றி நிற்கிற எல்லாரும் சிரிக்கிறார்கள். பிள்ளை என்ன செய்யும்? அம்மாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்து விரலை வாய்க்குள் வைக்கும். பதற்றம் வந்தால் ஆறுதல் தேடுகிற வாய் அது. பதற்றத்தை நாங்களே ஊட்டிவிட்டு ஆறுதலைத் தட்டிப் பறிக்கிறோம். நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் தகப்பனின் தோளில் இருந்து விரல் சூப்புகிற பிள்ளையும் அப்படித்தான். அந்த இரைச்சலில் அதற்குத் தெரிந்த ஒரே பிடி அது. அங்கே கையைத் தட்டிவிடாதீர்கள்.

விரலைத் துணியால் இறுக்கிக் கட்டுவது, றப்பர் பாண்ட் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். இரத்த ஓட்டம் நின்றால் விரலுக்கே ஆபத்து. பிளாஸ்டர் கழன்று தொண்டைக்குள் போகலாம். நித்திரையில் கையை இழுத்து எடுப்பதும் வீண் வேலை; ஆழ்ந்த நித்திரை வந்ததும் விரல் தானே வழுகி விழும். விரலுக்குப் பதிலாகச் சூப்பியோ பால் போத்தலோ கொடுப்பவர்கள் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறார்கள். இனிப்புப் பால் போத்தலோடு படுக்கிற பிள்ளைக்குச் சூத்தைப் பல்லும் சேர்ந்து வரும்.

அப்ப என்னதான் செய்யிறது? மூன்று நாள் பேசாமல் பாருங்கள். விரல் எப்போது வாய்க்குப் போகிறது? என் இரண்டாவதுக்கு அது தொலைபேசியில் கார்ட்டூன் பார்க்கும்போதும், பின்னேரம் நித்திரை வருகிறபோதும். தம்பியோ தங்கச்சியோ பிறந்த வீட்டில் அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரமாக இருக்கும். நேரம் தெரிந்தால் அரைவாசி வேலை முடிந்தது. சலிப்பில் சூப்புகிற பிள்ளைக்கு இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள்: முருங்கையிலை உருவ, ரொட்டி மா உருட்ட, பனங்கிழங்கில் நார் கிழிக்க. மா பிசைந்த கையோடு யாரும் விரல் சூப்ப மாட்டார்கள். நித்திரைக்கு என்றால் ஒரு பொம்மையோ உங்கள் பழைய சீலைத் துண்டோ கையில் பிடிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

நாலு வயதுக்குப் பிறகு பிள்ளையையே பங்காளியாக்கலாம். “விடுவமோ?” என்று கேளுங்கள். முதலில் பகலில் மட்டும். சூப்பாத நாளுக்குக் கலண்டரில் அவளே ஒரு பூக் கீறட்டும். மறந்து விரல் போனால் ஏசாமல், உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சைகை போதும். என் மகளுக்குக் காதைத் தொட்டுக் காட்டுவேன். சூப்பின நாளுக்குக் குறுக்குக் கோடு போட வேண்டாம். நான் ஒரு நாள் போட்டேன், கலண்டரே கிழிந்தது.

நாலு வயது கடந்தும் விசையாகச் சூப்பினால், முன்பல் தள்ளுவது தெரிந்தால், விரலில் தோல் வெடித்து அல்லது நகச்சுற்று வந்து சீழ் கட்டினால், சூப்பிக்கொண்டே தலைமயிரைப் பிடுங்கினால் காட்டத்தான் வேண்டும். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். பல்லுக்கு என்றால் பல் வைத்தியர். அண்ணத்தில் பொருத்துகிற கம்பிக் கருவி வேறு எதுவும் சரிவராத பெரிய பிள்ளைகளுக்கு, அதுவும் பிள்ளை சம்மதித்தால். போகிறபோது ஒன்று: பிள்ளையின் தலைக்கு மேலால் “சொல்வழி கேக்கிறானில்லை டொக்டர்” என்று தொடங்காதீர்கள். எந்த விரல் என்று அவனையே காட்டச் சொல்லுங்கள்.