செதென்பாலைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மங்கோலியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் யும்ஜாகீன் செதென்பால் அளவுக்கு நீண்ட நாள் மேலிடத்தில் நிலைத்தவர் வேறு யாருமில்லை. அதனாலேயே அவர் வாழ்க்கையை "1940 முதல் 1984 வரை 44 ஆண்டுகள் ஆண்டவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் பிழையில்லை. இடையில் இருந்ததெல்லாம் ஒரே ஆட்சி என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை, மற்றப் பல பிழைகளும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

1940இல் மங்கோலிய மக்கள் புரட்சிக் கட்சியின் பொதுச் செயலாளரானபோது அவருக்கு வயது 23. சைபீரியாவின் இர்குத்ஸ்க் நகரில் நிதி படித்துத் திரும்பிய இளைஞர். பதவியின் பெயர் பெரிதாக இருந்தாலும் நாடு சொய்பால்சானின் கையில் இருந்தது. பிரதமர் அவர், ஸ்டாலினின் நம்பிக்கையைப் பெற்றவரும் அவரே. 1952 ஜனவரியில் சொய்பால்சான் மாஸ்கோவில் இறந்த பிறகே செதென்பால் பிரதமரானார். அப்போதும் முழு அதிகாரம் வந்துவிடவில்லை. 1954இல் கட்சித் தலைமை தாஷீன் தம்பாவிடம் போனது, 1958 இறுதியில்தான் அதைத் திரும்பப் பிடித்தார். 1974இல் பிரதமர் பதவியை ஜம்பீன் பாத்மொங்கிடம் கொடுத்துவிட்டு, நாட்டின் தலைவர் என்ற இடத்துக்கு நகர்ந்தார். ஆகவே 1974க்கு முந்தைய எதையாவது சொல்லி, "அதிபர் செதென்பால்" என்று எழுதினால் அது தவறு. இந்தியாவும் மங்கோலியாவும் 1955 டிசம்பரில் தூதரக உறவு தொடங்கியபோதுகூட அவர் பிரதமர்தான், கட்சி தம்பாவின் பொறுப்பில் இருந்தது.

பதவி வரிசையை இப்படிப் பிரித்துப் பார்க்காதவர்கள் அடுத்து விழும் குழி, 1937–39 படுகொலைகளை அவர் கணக்கில் எழுதுவது. ஏறத்தாழ 30,000 பேரைப் பலிகொண்ட அந்த ஒடுக்குமுறையின்போது உள்துறை சொய்பால்சானிடம் இருந்தது. செத்தவர்களில் பெரும்பகுதி பௌத்த லாமாக்கள். மடாலயங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன. முன்னாள் பிரதமர் கெந்தென் 1937இல் மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். செதென்பால் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் மாணவர். அதற்காக அவருக்கு நற்சான்று கொடுத்துவிடவும் வேண்டாம். மூத்த தலைமுறை முழுதும் ஒழிக்கப்பட்டதால் உண்டான வெற்றிடம்தான் 23 வயதுப் பையனை மேலே தூக்கியது. அவருடைய சொந்தக் காலத்திலும் ஒடுக்குமுறை இருந்தது, பாணி மட்டும் மாறியது. பதவி பறிப்பு, கட்சியிலிருந்து நீக்கம், தொலைதூர மாகாணத்துக்கு அனுப்புதல்.

தம்பாவுக்கு நேர்ந்தது அதுதான். 1962இல் கட்சியின் அரசியல் குழுவில் இருந்த தரமீன் தொமொர்-ஓசிருக்கும் அதுவே. செங்கிஸ்கான் பிறந்து 800 ஆண்டு ஆனதைக் கொண்டாட அவர் முன்னின்றார். அஞ்சல்தலைகள் வந்தன, ஹெந்தி மாகாணத்தின் ததால் பகுதியில் நினைவுக்கல் எழுந்தது. மாஸ்கோவுக்கு அது பிடிக்கவில்லை. தேசியவாதி என்ற குற்றச்சாட்டோடு தொமொர்-ஓசிர் நீக்கப்பட்டார், கல் மட்டும் இன்றும் நிற்கிறது. 1985இல் தர்ஹான் நகரில் அவர் கொலை செய்யப்பட்டார். இந்தக் கொலையையும் செதென்பாலின் தலையில் போடுகிறவர்கள் ஆண்டைக் கவனிப்பதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1984 ஆகஸ்டிலேயே, செதென்பால் பதவி இழந்துவிட்டார்.

"மாஸ்கோவின் கைப்பாவை" என்ற பட்டம் இன்னொன்று. இதில் உண்மை நிறையவே உண்டு. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் காரணம் பிடிபடாது, வரைபடத்தைப் பார்த்தால்தான் பிடிபடும். ரஷ்யா, சீனா இரண்டைத் தவிர மங்கோலியாவுக்கு வேறு அண்டை நாடே கிடையாது. 1945 பொது வாக்கெடுப்புக்குப் பின் சீனா அதன் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டபோதும், ஐ.நா.வில் இடம் கிடைக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1955இல், தைவானிலிருந்து சீனாவின் ஐ.நா. இடத்தை வகித்த சியாங் கை-ஷேக்கின் அரசு வீட்டோவால் தடுத்தது. எதிர்முகாமில் இருந்த மாவோவும் குறைந்தவரில்லை. மங்கோலியா யாருக்கு என்ற விவகாரத்தை 1954இல் சோவியத் தலைவர் குருஷ்சேவிடம் எழுப்பியதாகவும் குருஷ்சேவ் பேச மறுத்துவிட்டதாகவும் 1964 ஜூலையில் ஜப்பானிய சோஷலிஸ்டுகளிடம் மாவோவே சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த மத்தியக் குழுக் கூட்டத்தில், செதென்பாலின் தலைமையையும் சோவியத்தைச் சார்ந்த போக்கையும் விமர்சித்த லோஹூஸ், நியம்பூ, சுர்மாஜவ் ஆகியோர் கட்சிவிரோதிகள் என்று விரட்டப்பட்டார்கள். நான் இதை நியாயப்படுத்தவில்லை. ஜூலையை மறைத்துவிட்டு டிசம்பரை மட்டும் காட்டும் கட்டுரை பாதிக் கட்டுரை என்கிறேன்.

மங்கோலியா சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசாக இருந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், பலர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அதில் நாட்டைச் சேர்த்துவிட வேண்டும் என்று செதென்பால் விரும்பியதாகவும் மாஸ்கோ இணங்கவில்லை என்றும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஆட்டுவிப்பவன் கேட்காததையும் தானே முன்வந்து கொடுக்கிற பாவை எந்த ஊரில் உண்டு?

அவருடைய ரஷ்ய மனைவி அனஸ்தாசியா ஃபிலதோவாவை எல்லாவற்றுக்கும் சூத்திரதாரியாக்குவது சுலபம், ஆகவே கவர்ச்சியானது. கணவரின் கடைசி ஆண்டுகளில் அவர் செல்வாக்குப் பெரிது என்பது பரவலான பேச்சு. குழந்தைகள் நலப் பணிகளில் அவர் ஈடுபட்டதும் உண்மை. ஆனால் அரசியல் குழுவில் கையுயர்த்தியவர்கள் எல்லோரும் மங்கோலியர்களே. பிற்பாடு பழியை ஓர் அந்நியப் பெண்மேல் இறக்கி வைப்பது அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

எந்த ஆண்டில் எழுதப்பட்டதை வாசிக்கிறோம் என்பதும் முக்கியம். 1984 ஆகஸ்டில், அவர் மாஸ்கோவில் இருந்த நேரத்தில், உலான்பாத்தரில் கட்சி கூடி அவரை விடுவித்தது. சொன்ன காரணம் உடல்நலம். ஜனநாயக இயக்கம் வென்ற 1990இல் அதே கட்சி அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கியது. பின்னர் 1990களிலேயே மரியாதை திரும்பியது, தலைநகரின் நாடக அரங்கின் முன்னால் சிலையும் எழுந்தது. 1983ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அவர் மேதை, 1990ஆம் ஆண்டுப் பத்திரிகையில் குற்றவாளி. இரண்டையும் கலந்து ஒரே பத்தியில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

"சோவியத் சரிந்தபின் ரஷ்யாவில் தஞ்சமடைந்து இறந்தார்" என்றும் சிலர் முடிக்கிறார்கள். பதவி போன நாளிலிருந்தே அவர் மாஸ்கோவாசி. 1991 ஏப்ரலில் அங்கே இறந்தார். சோவியத் ஒன்றியம் கலைந்தது அந்த டிசம்பரில். உடலை உலான்பாத்தருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.