ஜனாதிபதி வேட்பாளரின் பழைய தேர்தல் கணக்கை எப்படிப் படிப்பது?

ஜனாதிபதித் தேர்தல் பேச்சு எழும்பினால் போதும், முகநூலில் சண்டை தொடங்கிவிடும். "அவர் தோற்றுத் தோற்றே பழகியவர், சரிவராது" என்று ஒரு பக்கம், "அநுரவே 3 சதவீதத்திலிருந்து வந்தவர்தானே" என்று மறுபக்கம். இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். ஒருவர் முன்பு வென்றாரா தோற்றாரா என்பது மட்டும் தெரிந்து பெரிய பிரயோசனம் இல்லை. எதனால் வென்றார், எதனால் தோற்றார், அந்தக் காரணம் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கைத் தேர்தல்களை வைத்தே அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் முடிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணைக்குழுவே 22 தேர்தல் மாவட்டங்களுக்கும் 160 தொகுதிகளுக்கும் தனித்தனியாக முடிவுகளை வெளியிடுகிறது. நாடு முழுவதற்குமான மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அதிலும் வெறும் வாக்கு எண்ணிக்கையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 2015இல் மகிந்த ராஜபக்ச தோற்றபோது அவருக்கு விழுந்தவை 57,68,090 வாக்குகள். 2024இல் அநுரகுமார திசாநாயக்க வென்றபோது, மற்ற வேட்பாளர்களுக்குப் போட்டவர்களின் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளையும் சேர்த்து, 57,40,179. தோற்றவரின் கணக்கு வென்றவருடையதை விடக் கூட! 2015இல் நடந்தது நேரடி இருமுனைப் போட்டி, 2024இல் வாக்குகள் மூன்றாகப் பிரிந்தன, அவ்வளவுதான். ஆகவே எத்தனை முனைப் போட்டி என்று எழுதாமல் எந்த எண்ணையும் குறித்துவைக்காதீர்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்: அந்த வாக்குகள் அவருக்காக விழுந்தவையா, அல்லது எதிரில் நின்றவர் வேண்டாம் என்று விழுந்தவையா? சரத் பொன்சேகாவை எடுங்கள். 2010இல் அவருக்கு 40.15 சதவீதம், நாற்பத்தோரு இலட்சத்துக்கும் மேல். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே மகிந்தவை முந்தினார். போரை நடத்திய இராணுவத் தளபதிக்கு யாழ்ப்பாணத்தில் எப்படி அத்தனை வாக்கு என்று அங்கே யாரிடமும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. அதே மனிதர் 2024இல் தனியாக நின்றபோது நாடு முழுவதும் கிடைத்தது 22,407. எதிரில் மகிந்த இல்லை, பின்னால் கூட்டணியும் இல்லை, வாக்கும் இல்லை.

இப்போது மகிந்தவின் 2015 தோல்வியைப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் தோல்விதான், ஆனால் அந்த 47.58 சதவீதம் பெரும்பாலும் அவருக்கென்றே விழுந்தது. ஜனவரியில் தோற்றவர் ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் குருநாகலில் நான்கு இலட்சத்துக்கும் மேல் விருப்பு வாக்கு எடுத்தார், 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அவர் பக்கத்துப் பொதுஜன பெரமுன பெரும்பாலான சபைகளை அள்ளியது. இருவருமே தோற்றவர்கள்தான், ஆனால் ஒருவரின் வாக்கு கரைந்துபோனது, மற்றவருடையது காத்திருந்தது.

சஜித் பிரேமதாசவுக்கு இந்தச் சோதனையை மாவட்ட வாரியாகச் செய்து பார்க்கலாம். 2019இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு 80 சதவீதத்தைத் தாண்டிய ஆதரவு. 2024இலும் அங்கே முதலிடம் அவருக்குத்தான், ஆனால் பங்கு மூன்றில் ஒன்று அளவுக்கு இறங்கிவிட்டது. 2019இல் எதிரில் நின்ற மகிந்தவின் தம்பி கோட்டாபய ராஜபக்ச வந்துவிடக் கூடாது என்ற பயம் போனதும், வாக்குகள் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன், ரணில் விக்கிரமசிங்க என்று பிரிந்து போய்விட்டன. 2019 வரைபடத்தைப் பார்த்து "வடக்கு சஜித்தின் கோட்டை" என்று எழுதியவர்கள் சறுக்கியது இங்கேதான்.

சரி, தோல்விக்கு வெளியிலிருந்து வந்த காரணங்களும் உண்டு. 2005இல் ரணில் விக்கிரமசிங்க தோற்றது 1,80,786 வாக்கு வித்தியாசத்தில். அந்த முறை புலிகள் புறக்கணிக்கச் சொன்னதால் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. அந்தத் தோல்வியை வைத்து அவரது செல்வாக்கை அளப்பது நியாயமில்லை. 2020 பொதுத் தேர்தல் தோல்வி வேறு ரகம்: அவரது ஐக்கிய தேசியக் கட்சி உடைந்து, மாவட்டங்களில் ஓர் ஆசனம்கூடக் கிடைக்காமல், தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் உள்ளே வந்தவரைத்தான் 2022 ஜூலையில் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ஜனாதிபதி ஆக்கியது! ஆனால் அது எம்.பி.மார் போட்ட வாக்கு. அதை மக்கள் வெற்றி என்ற நிரலில் எழுதினால் கணக்குப் பிழைக்கும், 2024இல் அவருக்குக் கிடைத்தது 17.27 சதவீதம்தான். அன்றைய பாராளுமன்ற வாக்கெடுப்பில் அநுரவுக்கு விழுந்தவை மூன்று.

வெற்றிகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 1994இல் சந்திரிகா எடுத்த 62.28 சதவீதத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். பிரசார காலத்திலேயே எதிர் வேட்பாளர் காமினி திசாநாயக்க கொல்லப்பட்டு, அவர் மனைவி ஸ்ரீமா நின்ற தேர்தல் அது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஆனாலும் சந்திரிகாவின் படிகள் ஒழுங்கானவை: 1993இல் மேல் மாகாண முதலமைச்சர், 1994 ஓகஸ்டில் பிரதமர், நவம்பரில் ஜனாதிபதி. இப்படிக் கிட்டக் கிட்ட வரும் சிறிய தேர்தல்கள்தான், ஐந்து வருடத்துக்கு முந்திய ஜனாதிபதித் தேர்தலை விட, சரியான தடயம்.

அநுரவின் 3.16 சதவீதம் பலரை ஏமாற்றியதும் இதனால்தான். அது 2019 கணக்கு. நடுவில் 2022 வந்தது: எரிபொருள் வரிசை, மின்வெட்டு, அரகலய என்ற மக்கள் போராட்டம். 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் தள்ளிப்போனதால் மாறிய காற்றை எண்ணிக்கையாகக் காட்ட ஒரு தேர்தலும் நடக்கவில்லை. நடுவில் பெரிய அதிர்ச்சி ஒன்று இருந்தால் பழைய எண்ணைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய கணக்கே இல்லாதவர்களும் வருவார்கள். கோட்டாபய 2019க்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அப்படியானவருக்குப் பின்னால் நிற்கும் கட்சியின் கணக்கைப் பாருங்கள். அவர் நிற்க நேர்ந்ததே மகிந்த ஏற்கெனவே இரண்டு தடவை வென்றிருந்ததால் என்பது வேறு கதை, இரண்டு தடவைக்கு மேல் சட்டம் விடாது.

இப்போது ஓடும் வாதத்துக்கு வருவோம். 2024இல் மகிந்தவின் மகன் நாமல் ராஜபக்ச எடுத்தது 2.57 சதவீதம், "அநுரவும் அப்படித்தானே தொடங்கினார்" என்கிறார்கள். போட்டுப் பாருங்கள். அநுரவின் 3 சதவீதம் தனியாக ஒருபோதும் ஆட்சிக்கு வந்திராத, நெருக்கடிக்குப் பழி கேட்காத கட்சியுடையது. நாமலுடையது 2019இல் 69 இலட்சம் வாக்கு எடுத்த வீட்டில் மிஞ்சியது. ஆனால் மொட்டுச் சின்னத்துப் பொதுஜன பெரமுனவின் எம்.பி.மாரில் பெரும்பாலானோர் அந்தத் தேர்தலில் ரணிலோடு போய்விட்டார்கள், 2025 உள்ளூராட்சித் தேர்தலில் கட்சி 9 சதவீதத்தை ஒட்டி ஏறியும் இருக்கிறது. ஆகவே 2.57 அவர்களின் உண்மையான அளவை விடக் குறைவு என்றே நினைக்கிறேன், அதற்காக அநுரவின் பாதை அவருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. 2014க்குப் பிறகு நடக்காமலே கிடக்கும் மாகாண சபைத் தேர்தல் எப்போதாவது நடந்தால் குருநாகல், அம்பாந்தோட்டை, மொனராகலைத் தொகுதிகளின் முடிவுகளை 2018 முடிவுகளோடு வைத்து ஒப்பிடுங்கள்.