திருகோணமலை வீதிக்கு ஒரு சோடிச் சில்லு: கம்பி கோப்பதிலிருந்து ஓடிப் பார்ப்பது வரை

றேஸ் சைக்கிளுக்குச் சில்லு கட்டப் பெரிய கைவித்தை தேவையில்லை. பொறுமை வேண்டும், அளவுகோல் வேண்டும். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: கம்பி நீளத்தைப் பிழையாக எடுத்துவிடுவது, இறுக்கம் போதுமுன் "நேராய் ஓடுது" என்று விட்டுவிடுவது. முதல் சோடிக்கு ஒரு நாள் முழுதாய் ஒதுக்குங்கள்.

எந்தப் பாகம் எடுப்பது

எடையைப் பார்க்குமுன் உப்பையும் காற்றையும் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடுகிற சைக்கிளில் கடல் உப்பு படியாத இடமே இல்லை. அதனால் நிப்பிள், அதாவது கம்பி முனையை றிம்மில் பிடிக்கும் சிறு திருகு மரை, பித்தளையில்தான் எடுக்கவேண்டும். அலுமினிய நிப்பிள் போட்டால் ஒரு சோடிக்கு ஏறத்தாழ 40 கிராம் குறையும், அவ்வளவுதான் இலாபம். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியோடும் உப்பு ஈரத்தோடும் சேர்ந்து அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூளாகிக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். காபன் றிம்மோடு சேர்ந்தால் இன்னும் வேகம். பிறகு ஒருநாள் நெளிவு எடுக்கச் சாவியைப் போட்டுத் திருப்பினால் நிப்பிளின் தலை கையோடு வரும்.

கம்பி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். நாகம் பூசிய கம்பி இங்கே வேண்டாம். இரு முனையும் 2.0 மி.மீ., நடு 1.8 மி.மீ. உள்ள கம்பி எல்லாவற்றுக்கும் பொருந்தும். டி.டி. சுவிஸ் காரருடைய 'கொம்பெட்டிஷன்', சாபிம் காரருடைய 'றேஸ்' இரண்டும் இந்த வகை. நடு மெல்லியதாக இருப்பது எடைக்காக மட்டும் இல்லை. சுமை வரும்போது நடுப்பகுதி இழுபட்டுக் கொடுப்பதால் தலைக்குக் கீழுள்ள வளைவு தப்புகிறது. கம்பி முறிவது அநேகமாக அந்த வளைவில்தான்.

எண்ணிக்கை முன்னுக்கு 28, பின்னுக்கு 32. வெளிநாட்டுக்காரர் 20, 24 என்று கட்டுவார்கள். 20 கம்பிச் சில்லில் ஒன்று முறிந்தால் றிம் பிறேக் கட்டையில் முட்டி நின்றுவிடும். 32இல் ஒன்று போனால் நிப்பிளைச் சற்றுத் திருப்பி வீடு வந்து சேரலாம். சரியான நீளக் கம்பி ஊர்க்கடையில் கிடைக்காது, கொழும்பிலிருந்தோ தபாலிலோ வரவேண்டும் என்ற நிலையில் எட்டுக் கம்பி மிச்சம் பிடிக்கிற 50, 60 கிராமுக்காக இந்த வசதியை விடுவது புத்தியில்லை. 85 கிலோவுக்கு மேற்பட்டவர் இரண்டிலும் 32 போடட்டும்.

றிம் அலுமினியம், ஆழம் 24 முதல் 30 மி.மீ., உள்ளகலம் 19 முதல் 21 மி.மீ. கச்சான் வீசும் மாதங்களில் நிலாவெளி வீதியில் வடக்கே போனால் காற்று இடப்பக்கத்தால் அடிக்கும். பஸ் ஒன்று முந்தும்போது அது ஒரு கணம் மறைந்து திரும்பவும் அறையும். 50 மி.மீ. ஆழ முன்றிம் அந்த நேரம் ஹாண்டிலைப் பிடுங்கும். கிண்ணியாப் பாலத்திலும் இதே கதை. ஆழம்தான் வேண்டுமென்றால் பின்னுக்கு மட்டும் போடலாம், பின்சில்லு ஹாண்டிலை அசைக்காது.

றிம் வாங்கும்போது "28 அங்குலம்" என்ற சொல்லை நம்பவேண்டாம். பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., றேஸ் சைக்கிளின் 700சி 622 மி.மீ. இரண்டையும் 28 என்றே சொல்வார்கள். ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. ஹப் வாங்குமுன் பிறேமை அளவுங்கள். றிம் பிறேக் என்றால் அநேகமாக முன் 100, பின் 130 மி.மீ.; டிஸ்க் என்றால் 12 மி.மீ. அச்சோடு 100, 142. பழைய இரும்புப் பிறேமில் பின் இடைவெளி 126 ஆகவும் இருக்கலாம்.

கம்பி நீளம்

பட்டியலில் போட்டிருக்கும் றிம் அளவை அப்படியே எடுக்காமல் நீங்களே அளவுங்கள். இரண்டு பழைய கம்பிகளின் தலைப்பக்கத்தை வெட்டி, அந்த முனையைக் கொக்கியாக மடக்குங்கள்; கொக்கியின் உள்வளைவிலிருந்து புரி முனைவரை சரியாக 200 மி.மீ. வரவேண்டும். புரி முனையில் நிப்பிளைத் திருகி, கம்பி நுனி நிப்பிளின் திருப்புளி வெட்டின் அடியைத் தொட்டதும் நிறுத்துங்கள். இரண்டையும் நேரெதிர்த் துளைகளில் போட்டு இழுத்துப் பிடித்து, கொக்கிகளுக்கிடையில் உள்ள தூரத்தை எடுத்து 400ஐக் கூட்டுங்கள். நாலு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். இதுதான் இ.ஆர்.டி. அளவு, அதாவது கம்பி நுனிகள் முடியும் இடத்தில் றிம்மின் விட்டம். இதில் பாதிதான் கீழே கணக்கில் வரும் றிம் ஆரை.

ஹப்பில் மூன்று அளவு வேண்டும்: அதன் இரு பக்கமும் உள்ள தட்டில் கம்பித் துளைகள் இருக்கும் வட்டத்தின் விட்டம், நடுக்கோட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு உள்ள தூரம், துளையின் விட்டம். நடுக்கோடு என்பது பிறேமில் உட்காரும் இரு முனைகளுக்கும் நடு. ஹப் உடலின் நடு அல்ல.

கணக்கு: றிம் ஆரையின் வர்க்கம், துளைவட்ட ஆரையின் வர்க்கம், தட்டுத் தூரத்தின் வர்க்கம் மூன்றையும் கூட்டுங்கள். அதிலிருந்து 2 × றிம் ஆரை × துளைவட்ட ஆரை × கோணத்தின் கோசைன் என்பதைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, துளை விட்டத்தின் பாதியைக் கழியுங்கள். கோணம், குறுக்கு எண்ணிக்கையை (ஒரு கம்பி தன் தட்டின் மற்றக் கம்பிகளில் எத்தனையை வெட்டுகிறது என்பதை) 720ஆல் பெருக்கிக் கம்பி எண்ணிக்கையால் வகுத்தால் வரும். 32 கம்பி மூன்று குறுக்கு 67.5 பாகை, 28 கம்பி இரண்டு குறுக்கு 51.4 பாகை.

ஓர் உதாரணம். இ.ஆர்.டி. 595, பின்ஹப் துளைவட்டம் 45, வலத் தட்டுத் தூரம் 18, இடம் 36, துளை 2.5, எல்லாம் மி.மீ. மூன்று குறுக்கில் வலப்பக்கக் கம்பி 288.9, இடப்பக்கம் 290.6 வரும். அதே றிம்மில், துளைவட்டம் 38, தட்டுத் தூரம் 35 உள்ள முன்ஹப்புக்கு 28 கம்பி, இரண்டு குறுக்கு என்றால் 286.9. உங்கள் விடை இவற்றோடு ஒத்துவந்தால் கணக்கு முறை சரி. பிறகு உங்கள் எண்களைப் போடுங்கள். ஒரு மி.மீ. கூடக் குறைய இருந்தால் தப்பலாம். மூன்று மி.மீ. குறைந்தால் நிப்பிளின் கழுத்து உடையும், மூன்று கூடினால் புரி முடிந்து இறுகாது.

கோப்பது

புரி முனைகளை ஒரு துளி எண்ணெயில் தொட்டெடுங்கள். நிப்பிள் உட்காரும் றிம் துளைகளிலும் சிறிது கிறீஸ் வையுங்கள். உலர்வாய்க் கட்டினால் நிப்பிள் திரும்பாமல் கம்பி முறுகும், உப்பும் உள்ளே போகும்.

பின்சில்லு, 32, மூன்று குறுக்கு. கசெட் (பின் பற்சக்கரத் தொகுதி) ஏறும் வலப்பக்கம் மேலே பார்க்க மடியில் வையுங்கள். றிம் துளைகள் ஒன்றுவிட்டொன்று மேலும் கீழும் சாய்ந்திருக்கும். வால்வுத் துளையை 12 மணி நிலையில் வைத்து, மணிக்கூடு சுற்றும் திசையில் அடுத்து வரும் மேல்சாய்வுத் துளைதான் முதற்கம்பியின் இடம். மேல்தட்டில் வெளியிலிருந்து உள்ளே, அதாவது தலை வெளியே தெரியும்படி, கம்பியைப் போட்டு அந்தத் துளையில் நிப்பிளை மூன்று சுற்றுத் திருகுங்கள். தட்டில் ஒரு துளை விட்டு அடுத்தது, றிம்மில் ஒவ்வொரு நாலாவது துளை. எட்டுக் கம்பி முடிந்ததும் சில்லைக் கவிழ்க்காமல் கீழ்த்தட்டைப் பாருங்கள். அதன் துளைகள் மேல்தட்டுத் துளைகளுக்கு நேரே இராது, அரை இடம் தள்ளியிருக்கும். முதற்கம்பி றிம்மில் வால்வுக்கு உடனடுத்த துளையில் இருந்தால், ஹப்பில் அதற்கு அரை இடம் மணிக்கூட்டுத் திசையில் உள்ள கீழ்த்துளையை எடுத்து, றிம்மிலும் அதே திசையில் ஓர் இடம் தள்ளிப் போடுங்கள். முதற்கம்பியை வால்வுக்கடுத்து ஒரு துளை விட்டுப் போட்டிருந்தால் இரண்டிலும் எதிர்த்திசை. சரியாய் வந்தால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று வெட்டாமல் பக்கத்தில் நிற்கும். மற்ற ஏழும் அதே ஒழுங்கு.

இனி றிம்மைப் பிடித்து, மேலிருந்து பார்க்க ஹப்பை மணிக்கூட்டுத் திசையில் திருப்புங்கள். முதற்கம்பி வால்வை விட்டு விலகிச் சாயவேண்டும். மீதித் துளைகளில் உள்ளேயிருந்து வெளியே கம்பி போட்டு எதிர்த்திசையில் சாயுங்கள். ஒவ்வொன்றும் தன் தட்டிலிருந்து வரும் மூன்று கம்பிகளை வெட்டும்: முதலிரண்டுக்கு வெளியால், மூன்றாவதுக்கு உள்ளால். இரண்டு குறுக்கில் முதலாவதுக்கு வெளியால், இரண்டாவதுக்கு உள்ளால். எல்லாம் கோத்தபின் வால்வுத் துளையைப் பாருங்கள். இரு பக்கக் கம்பிகளும் ஏறத்தாழ சமாந்தரமாக நின்றால் பம்ப் நுழைய இடம் இருக்கும். கம்பிகள் அதன்மேல் வெட்டிக்கொண்டால் கழற்றித்தான் ஆகவேண்டும், இறுக்கியபின் அழுவதைவிட இப்போது கழற்றுவது நல்லது.

டிஸ்க் பிறேக் ஹப்பில் முன்சில்லுக்கும் குறுக்கு வேண்டும். பிறேக் பிடிக்கும் முறுக்கு ஹப்பிலிருந்து கம்பி வழியாக வருவதால் நேராய்க் கோத்த கம்பி அதற்குத் தாங்காது.

இறுக்குவது

சில்லை நேராக்கும் ஸ்ராண்ட் இல்லாவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்து, பிறேமில் இரண்டு பிளாஸ்ரிக் கட்டுப்பட்டிகளைக் கட்டி, அவற்றின் வால் றிம்மைத் தொடும்படி வெட்டிவிட்டால் போதும். நல்ல நிப்பிள்களுக்கு அநேகமாக 3.23 மி.மீ. சாவி சரி. தளர்ந்த சாவி பித்தளையின் மூலையை உருட்டிவிடும்.

புரி மறையும்வரை எல்லா நிப்பிளையும் ஒரே அளவில் கொண்டுவாருங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று, அடுத்தது அரைச் சுற்று, அதன்பின் கால். ஒரு முழுச் சுற்று 0.45 மி.மீ. இழுக்கும். ரயர் பக்கத்திலிருந்து திருப்புளியால் திருகும்போது வலஞ்சுழி இறுக்கும். ஹப் பக்கத்திலிருந்து சாவியைப் பார்த்தால் அதே இறுக்கம் இடஞ்சுழி. தொடக்கக்காரர் நெளிவைக் கூட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் வட்டம், பிறகு பக்க நெளிவு, பிறகு நடு. பின்சில்லில் வலப்பக்கக் கம்பி செங்குத்தாய் நிற்பதால் அதைத் திருப்பினால் றிம் பக்கவாட்டில் அசைவது குறைவு; இடப்பக்கக் கம்பி பக்கவாட்டில் கூடுதலாய் இழுக்கும். ஆகவே மேடு பள்ளத்துக்கு வலப்பக்கத்தையும் நெளிவுக்கு இடப்பக்கத்தையும் தொடுங்கள். நடுவில் இருக்கிறதா என்று பார்க்கச் சில்லைக் கழற்றி மாறிப் போடுங்கள். கட்டுப்பட்டி காட்டும் வித்தியாசத்தில் பாதிதான் உண்மைப் பிழை.

வலப்பக்க இறுக்கம் 110 முதல் 120 கிலோ, றிம் செய்தவர் குறைவாய்ச் சொல்லியிருந்தால் அதுவரை மட்டும். மேலே சொன்ன ஹப்பில் இடப்பக்கம் 55 முதல் 60 கிலோவில்தான் நிற்கும். 18க்கும் 36க்கும் உள்ள விகிதம் அது, பிழையல்ல. பிழை எதுவென்றால் வலத்தை 80இல் விட்டுவிடுவது. அப்போது இடம் 40க்கு இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் சுமை ஏறி இறங்கக் கம்பி தொய்ந்து தொய்ந்து இழுபடும், நிப்பிள் தானாகக் கழரும், சில மாதத்தில் வளைவில் முறியும். கம்பி முறிவதை "கூட இறுக்கிப்போட்டன்" என்று நினைப்பவர் அநேகர்; காரணம் பெரும்பாலும் மறுபக்கம். இறுக்கமானி இல்லாவிட்டால் ஒரே பக்கக் கம்பிகளை விரலால் தட்டிச் சத்தம் ஒப்பிடுங்கள். அது சமச்சீரைக் காட்டும், கிலோவைக் காட்டாது. கிலோவுக்கு நன்றாகக் கட்டிய ஒரு சில்லை வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

கம்பி முறுகுவதைப் பிடிக்கச் சில கம்பிகளில் ஒரு துண்டு ரேப்பைக் கொடிபோல ஒட்டுங்கள். சாவியோடு கொடியும் திரும்பினால் கம்பி முறுகுகிறது. கால் சுற்றுக் கூடத் திருப்பி அதே அளவு பின்வாங்குங்கள். பிறகு கையுறை போட்டு, ஒரே பக்கத்தில் ஏறத்தாழ சமாந்தரமாய் ஓடும் இரண்டிரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பலமாய்ப் பிழியுங்கள். சுற்றிவர முடிந்ததும் நெளிவு திரும்பப் பாருங்கள். பிழிந்தபின் ஒன்றும் மாறாத நிலை வரும்வரை இதைச் செய்யவேண்டும். பக்க நெளிவு 0.3, மேடு பள்ளம் 0.5 மி.மீ.க்குள் வந்தால் நிறுத்துங்கள். இன்னும் நேராக்க என்று இறுக்கத்தைச் சீர்கெடுப்பதில் பயன் இல்லை. ஒரே பக்கக் கம்பிகள் பத்து வீதத்துக்குள் ஒத்திருப்பதுதான் நெளிவைவிட முக்கியம்.

ஓடிப் பார்ப்பது

றிம் ரேப் இல்லாமல் ரயர் போடவேண்டாம். 28 மி.மீ. ரயர், 70 கிலோ ஆள், உள்ளே ரியூப் என்றால் முன் 65 முதல் 70, பின் 70 முதல் 75 பீ.எஸ்.ஐ. போதும். றிம்மில் ரயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாவிட்டால் 72.5க்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். காலையில் நிழலில் அடித்த காற்று, மத்தியான வெயிலில் நிறுத்திய சைக்கிளில் 5, 6 பீ.எஸ்.ஐ. ஏறும், அந்த வகை றிம்முக்கு அதையும் கணக்கில் எடுங்கள்.

முதல் ஓட்டம் நகரத்துக்குள் இருக்கட்டும், தள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரம். தொடக்கத்தில் டிக் டிக்கென்று சத்தம் வந்தால் மிச்ச முறுக்கு விடுபடுகிறது. சில நூறு மீற்றரில் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் இறங்கிப் பாருங்கள். கோணேசர் கோவில் ஏற்றம் நல்ல பரிசோதனை: எழும்பி நின்று மிதிக்கும்போது பிறேக் கட்டையில் றிம் உரசுகிறதா, இறங்கும்போது பிறேக் துடிக்கிறதா என்று தெரியும். கோட்டைக்குள் மான்கள் வீதியில் நிற்கும், இறக்கத்தில் கை பிறேக்கில் இருக்கட்டும். அதன்பின் நிலாவெளிவரை போய் வாருங்கள், போக ஏறத்தாழ 15 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்குள் ரயரைக் கழற்றி இறுக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். ரயரில் காற்று இருக்கும்போது றிம் சற்றுச் சுருங்கி அளவு குறைவாய்க் காட்டும், அதை நம்பிக் கூட இறுக்கிவிடுவார்கள்.

கடற்கரைப் பக்கம் போய்வந்தால் வாளித் தண்ணீரால் மெல்லக் கழுவி நிப்பிள்களில் ஒவ்வொரு துளி எண்ணெய் விடுங்கள். ஹப்புக்கு நேரே பீச்சி அடிக்கவேண்டாம், போல்ஸுக்குள் தண்ணீர் போகும். பிறேக் கட்டையில் பதிந்த மணலை ஊசியால் தோண்டி எடுக்காவிட்டால் அது றிம்மை அரம் போட்டதுபோலத் தேய்க்கும். மாரி தொடங்குமுன் ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளையும் கால் சுற்றுக் கழற்றித் திரும்ப இறுக்குங்கள். திரும்ப மறுப்பதை எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கம்பி வாங்கும்போதே பின்வலத்துக்கு இரண்டு, பின்னிடத்துக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று கூடுதலாய் வாங்கி, நீளத்தை ரேப்பில் எழுதி ஒட்டி சீற் குழாய்க்குள் செருகி வையுங்கள். அதோடு நிப்பிள் நாலும் சாவியும்.