துரைக்கு ஒரு வேலை கொடுங்கள்

எங்கள் ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாய்க்குத் 'துரை' என்று பெயர் வைத்தவர் என் மாமியார். வெள்ளை நிறம், சீமை வம்சம், யார் சொன்னாலும் கேட்காத குணம். வேறென்ன பெயர் பொருந்தும் என்றார். தினமும் காலையில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "துரை சாப்பிட்டாரா?" என்பதுதான்.

இந்த இனத்துக்குப் பெயர் தந்தவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்ற பாதிரியார். ஆக்ஸ்போர்டில் படித்த காலத்தில் ஒரு பால்காரரிடம் அவர் வாங்கிய 'டிரம்ப்' என்ற பெட்டை நாய்தான் மூலம். நம் சிப்பிப்பாறை நாய் வெட்டவெளியில் முயலை ஓடிப் பிடிப்பது. இதுவோ வளைக்குள் நுழைந்து நரியைக் குரைத்தே வெளியேற்ற வளர்க்கப்பட்டது. டெரியர் என்ற சொல்லிலேயே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல் புதைந்திருக்கிறது. உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஐந்தாறு கிலோ. பார்த்தால் மடியில் வைத்துக் கொஞ்சத் தோன்றும். ஏமாறாதீர்கள், அது வேலைக்காரன்.

வந்த மூன்றாம் மாதம் என் மல்லிகைப் பதியன்கள் ஆறையும் வேரோடு பறித்துப் போட்டது. நான் கையை ஓங்க, மாமியார் திண்ணையிலிருந்தே, "தோண்டாமல் பின்னே தோசையா சுடும்?" என்றார். அன்று மாலையே கொல்லையில் நான்கடி நீளம், மூன்றடி அகலத்துக்குச் செங்கல் அடுக்கி ஆற்று மணலை நிரப்பினோம். மணலில் தண்ணீர் தெளித்து, ஒரு சாண் ஆழத்தில் கேரட் துண்டுகளையும் கெட்டி ரப்பர் பந்தையும் புதைத்து வைப்பேன். இருபது நிமிடம் தோண்டினால், ஒரு மணி நேரம் ஓடியது போல் களைத்துவிடும். மல்லிகையும் பிழைத்தது.

என் கணவரின் அரிசி மண்டியில் பெருச்சாளித் தொல்லை. துரையை அழைத்துப்போன இரண்டாம் நாளே ஒன்றைக் கொன்றது, மூக்கில் கடியும் வாங்கியது. மருத்துவர் புண்ணைவிட எலிக்காய்ச்சலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எலியின் சிறுநீரால் நாய்க்கு வரும், நாயின் சிறுநீரால் நமக்கும் வரும். ஆகவே வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் ஊசியையும் ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள். எலி மருந்து வைப்பதை மண்டியில் அன்றே நிறுத்தினோம். மருந்து தின்ற எலியை நாய் தின்றாலும் ஆபத்து. சில நாள் கழித்துத்தான் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசியும். அதுவரை காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். நாங்கள் விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுவோம், அடுத்து இருட்டிய பிறகுதான். தார்ச்சாலையில் உள்ளங்கையை ஏழெண்ணும்வரை வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதீர்கள். கயிற்றை மட்டும் அவிழ்க்கவே கூடாது. எலி கண்ணில் பட்டால் துரைக்குக் காது கேட்காது. தெருநாய் நான்கு மடங்கு பெரிதாக இருந்தாலும் முதலில் வம்புக்குப் போவது இதுதான்.

உண்ணி பார்ப்பது என் மாலை நேர வேலை. மடியில் மல்லாக்கப் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, தொடையிடுக்கு என்று வரிசையாகத் தடவுவேன். மிளகு போலத் தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுவேன். மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள். தோலும் வெந்து, நக்கினால் வயிற்றுக்கும் கேடு. நாய் சுருண்டு படுத்து, சோறு மறுத்து, ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

சாப்பாட்டில் ஒரே கண்டிப்பு: சாம்பார் சோறு வேண்டாம். வெங்காயம் நாய்க்கு ஆகாது. திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே.

குட்டி வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். நடக்கையில் பின்னங்காலை அவ்வப்போது தூக்கித் தாண்டினால், முழங்கால் சில்லு நழுவுகிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு வீட்டு வாசல் கேட்டின் அடியைப் பாருங்கள். எங்கள் கேட்டில் நாலு அங்குல இடைவெளி இருந்தது. சிமெண்ட் பூசி அடைத்தோம். இப்போது துரை, மேலே எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.