பூட்ஸைக் கழட்டிட்டு மைக் பிடிக்கணுமா? இந்தத் தப்புகளப் பண்ணாதீங்க

காரைக்குடியில சாயங்காலம் ஃபுட்பால் விளையாடுற பசங்கள்ட்ட பேசுனா, "கொஞ்ச வருஷம் ஆடிட்டு அப்புறம் டிவில ப்ரோக்ராம் நடத்துற ப்ரசென்டரா போயிருவேண்ணே"ன்னு சொல்ற தம்பிங்க இருக்காங்க. ஆசை நல்ல ஆசைதான், ஆனா அந்த வேலை என்னன்னு தெரியாம ஆசைப்படுறதப் பாத்தா எனக்குக் கவலையா இருக்கு.

நல்லா ஆடுனா மைக் தானா கைக்கு வரும்னு நம்பாதீங்க. இங்கிலாந்து ஃபுட்பால் ப்ளேயர் கேரி லினேக்கர எடுத்துக்கங்க, 1986 உலகக் கோப்பைல 6 கோல் போட்டு, அதிக கோல் போட்டவருக்குக் குடுக்குற கோல்டன் பூட் வாங்குனவரு, இங்கிலாந்துக்கு 80 மேட்ச்ல 48 கோல், மொத்த வாழ்க்கைல ஒரு மஞ்சக் கார்டுகூட இல்ல. அவரே 1994ல ஜப்பான்ல ஆட்டத்த முடிச்சவரு, பிபிசியோட ஃபுட்பால் ப்ரோக்ராம் 'மேட்ச் ஆஃப் தி டே'வ ரெகுலரா நடத்த வந்தது 1999லதான். நடுவுல ரேடியோ, சனிக்கிழமை மத்தியான ப்ரோக்ராம்னு தொழில் கத்துக்கிட்டாரு, அதனாலதான் 2025 வரைக்கும் நின்னாரு.

இன்னொண்ணு, கமெண்டரியும் ப்ரசென்டர் வேலையும் ஒண்ணுன்னு நெனைக்கிறது. சிராவயல் மஞ்சுவிரட்டுல மைக் பிடிக்கிறவரு மாடு வர்ற வேகத்துக்குப் பேசணும், அது கமெண்டரி. ப்ரசென்டர் வேலை நம்ம கல்யாண வீடு மாதிரிங்க, வர்ற ஒவ்வொருத்தரையும் தனித்தனியா "வாங்க"ன்னு கேப்போம்ல, ஒருத்தர விட்டாலும் மனஸ்தாபம் ஆயிரும்ல, அதே மாதிரி உக்காந்திருக்குற எல்லாரையும் பேச வைக்கணும். எதுத்தாப்ல ஒருத்தர் பேசிக்கிட்டு இருப்பாரு, காதுல மாட்டிருக்குற இயர்போன்ல "இன்னும் 20 செகண்ட்"னு ப்ரோக்ராம் டீமோட குரல் வரும், ரெண்டையும் கேட்டுக்கிட்டே அடுத்த கேள்வியையும் ரெடியா வச்சிருக்கணும், அப்பப் போயி "நான் ஆடுன காலத்துல"ன்னு சொந்தக் கதைய எடுத்தா நேரமும் போச்சு, கெஸ்ட்டும் வாய மூடிக்குவாரு.

படிப்ப விட்டுறாதீங்க. லண்டன் க்ளப் ஆர்சனலோட கோல்கீப்பர் பாப் வில்சன் 1971ல இங்கிலாந்தோட லீக், எஃப்ஏ கப்னு ரெண்டு பெரிய போட்டியும் ஜெயிச்ச டீம்ல இருந்தவரு, அதுக்கு முன்னாடி பிடி வாத்தியார். 1974ல ஆட்டத்த விட்ட கையோட பிபிசில ப்ரசென்டர் ஆயிட்டாரு, கூடவே ஆர்சனல் கீப்பர்களுக்குக் கோச்சிங்கும் குடுத்தாரு. நம்ம காரைக்குடி அழகப்பா யுனிவர்சிட்டில பிசிகல் எஜுகேஷன் படிக்கிற தம்பிங்க இத மனசுல வைங்க, பத்துப் பேருக்குப் புரியுற மாதிரி சொல்ற பழக்கம் வாத்தியார் வேலைல நல்லா வரும்.

பழகுறதுக்குப் பெரிய கேமரா வேணாம். ரெண்டு ஃப்ரெண்ட எதுத்தாப்ல உக்கார வச்சு நேத்து மேட்சப் பத்தி கேளுங்க, மூணாவது ஆள் போன்ல இயர்போன் வழியா நேரத்த எண்ணிக்கிட்டே இருக்கட்டும். பெரிய வீடுன்னா வளவுல, அதான் நடு முத்தத்துல, ரெக்கார்ட் பண்ணாதீங்க, எதிரொலிக்கும், உள் அறைல பாயி தலகாணி எல்லாம் கெடக்குற எடத்துல உக்காந்து பேசுங்க.