பிக்சல் லைட் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் வருகின்றன. வாசலில் கட்டும் விளக்கு எதுவானாலும் நனையத்தான் போகிறது. சாதாரண சீரியல் செட் கெட்டுப்போனால் அடுத்த வருஷம் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பிக்சல் லைட் விஷயம் வேறு. அதில் ஒவ்வொரு குண்டு விளக்குக்கும் ஒரு சிப் உண்டு. எந்த விளக்கு எந்த நிறம் என்று சொல்லும் கன்ட்ரோலர் அனுப்பும் தகவலில் முதல் 24 பிட்டை, அதாவது தன் நிறத்துக்கான பங்கை, அது எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டுவது இப்படித்தான். நடுவில் ஒரு விளக்கு போனால் அதற்குப் பின்னால் உள்ள வரிசை முழுக்க இருண்டுவிடுவதும் இதனால்தான்.

முதல் வருஷம் நான் 200 விளக்குகளை வரிசையாக இணைத்து, ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தேன். வெள்ளை போட்டால் முதல் 50 வெள்ளையாக எரியும். கடைசி 50 செங்கல் நிறத்தில் மங்கும். போலிச் சரக்கு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். தவறு என்னுடையது. டபிள்யூ.எஸ். 2811 சிப் உள்ள ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 50 விளக்குக்கு 3 ஆம்பியர், 200 விளக்குக்கு 12 ஆம்பியர். சரத்தில் வரும் மெல்லிய ஒயர் அத்தனையையும் தாங்காது. போகப் போக வோல்டேஜ் குறையும். நீலமும் பச்சையும் எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். அதனால் முதலில் மங்குவது நீலமும் பச்சையும்தான். சிவப்பு மட்டும் மிஞ்சும்.

இதற்கு வழி, 230 வோல்ட்டை 5 அல்லது 12 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து தடித்த ஒயர் இழுத்து, 5 வோல்ட் சரமாக இருந்தால் 50 விளக்குக்கு ஒருமுறை பிளஸ், மைனஸ் இரண்டையும் மறுபடி கொடுப்பது. இரண்டு எஸ்.எம்.பி.எஸ். வைத்தால் மைனஸ் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும், பிளஸ் சேரக் கூடாது. 12 வோல்ட் சரம் இன்னும் தூரம் தாங்கும், பெரிய வீட்டுக்கு அதுவே நல்லது. ஆனால் அந்தக் குண்டு விளக்குகளில் பலவும் 5 வோல்ட் விளக்கு இழுக்கும் அதே ஆம்பியரைத்தான் இழுக்கும், மிச்சத்தைச் சூடாகக் கொட்டும். எனவே 50 விளக்குக்கு 15 வாட் என்று கணக்குப் போட்ட இடத்தில் 36 வாட் ஆகிவிடும்.

அதோடு, முழு வெள்ளையை முழு வெளிச்சத்தில் ஓட்டுவது எதற்கு? இரவில் 30 சதவீதமே கண்ணைப் பறிக்கும். கன்ட்ரோலரில் ஓடும் டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருளில் மொத்த ஆம்பியருக்கு வரம்பு போட வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, பலர் அலட்சியம் செய்யும் விஷயம்: ஃபியூஸ். ‘5 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது’ என்பார்கள். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் 60 ஆம்பியர் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.-இல் மெல்லிய ஒயர் ஒன்று ஷார்ட் ஆனால், அது எஸ்.எம்.பி.எஸ்.-க்கு ஒரு பொருட்டே இல்லை. நிற்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஒயர்தான் பழுத்து எரியும். பக்கத்தில் ஓலைப் பந்தலோ வைக்கோல் குடிலோ இருந்தால் என்ன ஆகும்? எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து பிரியும் ஒவ்வொரு கிளை ஒயருக்கும் கார், பைக்கில் வரும் பிளேட் ஃபியூஸ் 5 ஆம்பியரில் ஒன்று போடுங்கள். 230 வோல்ட் பக்கத்தில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வெளியில் எந்த விளக்கும் கட்டாதீர்கள். உயிரை எடுப்பது அந்தப் பக்கம்தான்.

இனி தண்ணீர். நீர் புகாது என்பதற்கான ஐ.பி. 67 குறி விளக்குக்கு மட்டும், நீங்கள் போட்ட ஜாயின்டுக்கு இல்லை. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் அது மழைநீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். டி.சி. மின்சாரமும் ஈரமும் சேர்ந்தால் பிளஸ் பக்கச் செம்பு கரைந்து களிம்பு ஏறிவிடும். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் உப்புக்காற்றில் இன்னும் வேகமாக. சால்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். சிலிக்கான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதில் வரும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். பட்டையாக வரும் ஸ்ட்ரிப் வகையை வெட்டினால் வெட்டிய முனை திறந்துவிடும், அதையும் அடைக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்., கன்ட்ரோலர் இருக்கும் பெட்டிக்குள் போகும் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு, வளைத்துக் கீழிருந்து ஏற்றுங்கள். வழிந்து வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

டேட்டா ஒயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கன்ட்ரோலராக வைக்கும் ஈ.எஸ்.பி. 32 போர்டு 3.3 வோல்ட்தான் அனுப்பும். 5 வோல்ட் டபிள்யூ.எஸ். 2812பி சிப் கேட்பதோ குறைந்தது 3.5. வீட்டுக்குள் மேசை மேல் ஓடியது மாடியில் மினுக்கினால் இதைச் சந்தேகப்படுங்கள். அந்த 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஏ.எச்.சி.டி. 125 ஐ.சி. ஒன்று சேர்த்தால் தீர்ந்தது. கன்ட்ரோலரை முதல் விளக்குக்கு அருகிலேயே வையுங்கள். பவர் ஓடும்போது சரத்தின் பிளக்கைச் செருகவோ உருவவோ கூடாது. முதல் சிப் அதிலேயே போய்விடக்கூடும்.

பொங்கலுக்குள் இறக்கிவிடுங்கள். நிழலில் உலர்த்தி, அட்டையில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பரணில் சும்மா போட்டால் எலி கடிக்கும். அடுத்த பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே எரியவிட்டுப் பாருங்கள். பாதியில் இருண்டால் முதலில் அணைந்திருக்கும் விளக்கை மாற்றுங்கள். சரியாகவில்லையா, அதற்கு முந்தையதை மாற்றுங்கள். தான் எரிந்துகொண்டே தகவலைக் கடத்தாமல் விடும் சிப்பும் உண்டு. அப்புறம், மாற்று விளக்கை முதலிலேயே, அதே பெட்டிச் சரக்கில் வாங்கி வையுங்கள். வேறு சரக்கில் சிவப்பு-பச்சை வரிசை மாறியிருக்கலாம், அப்படியானால் சிவப்புக் கேட்ட இடத்தில் அது ஒன்று மட்டும் பச்சையாக எரியும்.