மலேசியாவின் வளர்ச்சி எண்ணை நம் சம்பளத்தோடு ஒப்பிடுவது எப்படி?

பொருளாதாரம் வளர்ந்தது என்று செய்தியில் கேட்டால், எந்தக் காலத்தோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள். 2021 இரண்டாம் காலாண்டில் மலேசியா 16.1 விழுக்காடு வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. முந்திய ஆண்டு அதே காலாண்டில் 17.1 விழுக்காடு சரிவு. அதாவது 100 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த பொருளாதாரம் 82.90 ஆகி, பிறகு 96.25 ஆனது. பள்ளத்திலிருந்து ஏறியது, அவ்வளவுதான். பழைய இடத்தைத் தொடவில்லை.

அடுத்து வேலை. விற்பனை கூடியதும் முதலாளி உடனே ஆள் எடுக்க மாட்டார். ஓவர்டைம் கொடுத்துச் சமாளிப்பார். அதனால் வேலையின்மை தாமதமாகத்தான் குறையும். செம்பனை எண்ணெய் விலை ஏறி ஏற்றுமதி வருமானம் பெருகினாலும், குலை வெட்ட அதே ஆட்கள் போதும். இன்னொன்று: வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் புள்ளிவிவரத்தில் 'வேலையில் இருப்பவர்'. 30 மணி நேரத்துக்குக் குறைவாக உழைப்போர் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆள் பற்றாக்குறை முற்றினால் கூலி ஏறும், அது சாப்பாட்டுக்கடை விலையிலும் ஏறும். ஆனால் 2022-இல் கோழி விலை ஏறியதற்கு உலகச் சந்தைத் தீவன விலை முக்கியக் காரணம். அதை உள்ளூர் வளர்ச்சியின் கணக்கில் எழுதாதீர்கள்.

சம்பளக் கணக்கில் பலர் சறுக்குவது இங்கேதான். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700. உயர்வு 13.3 விழுக்காடு. சம்பளம் உண்மையில் எவ்வளவு கூடியது என்று பார்க்க, இதிலிருந்து ஓராண்டுப் பணவீக்கத்தை (விலைவாசி ஏற்றத்தை) மட்டும் கழிக்கக் கூடாது. இடைப்பட்ட ஆண்டுகள் அனைத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.